மோனோ

கம்ப்யூட்டரின் எக்ஸ்போர்ட் விண்டோவில் ஸ்டீரியோ என்றிருந்ததை அர்ச்சனா மோனோ என்று மாற்றினாள்.

போனில் ராஜ்மோகன் இருந்தார். பாண்டியில் பாட்டு வெளியிடும் கம்பெனி வைத்திருப்பவர். வில்லியனூரில் அர்ச்சனா பாட்டுப் பதிவு செய்யும் மாடி அறையிலிருந்து வெளியே போகப்போகும் முதல் பாட்டு இது.

திருபுவனை தொழிற்பேட்டையில் ஒரே பிரிவில் கான்ட்ராக்டில் வேலை செய்யும் ஆறு பெண்கள் கட்டிய பாட்டு. எங்களை நிரந்தரமாக்கு என்று பல்லவியிலேயே கேட்கிற பாட்டு.

அவருக்கும் அந்தப் பெண்களுக்கும் முதலில் அனுப்பிய ஸ்டீரியோ மிக்ஸ் ராஜ்மோகனுக்குப் பிடித்திருந்தது. அதில் வலது பக்கத்திலிருந்து அந்த ஆறு பேரில் ஒருத்தியான சகாயராணி கேள்வி கேட்பாள். இடது பக்கத்திலிருந்து இன்னொருத்தி, விஜயகுமாரி, பதில் பாடுவாள்.

இன்று அர்ச்சனா அதைக் கலைத்துவிட்டாள். இரண்டு குரலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே கேட்டன.

"இன்னாம்மா இது? இந்தக் காலத்துல மோனோவ எவன் கேப்பான்? அந்த மிக்ஸையே வேவ் ஃபைலா அனுப்பு. இல்லன்னா நான் ரிலீஸ் பண்ண மாட்டேன்."

"அப்ப வேணாம்ண்ணா. இந்தப் பாட்டு இப்டித்தான் போவும்."

காரணம் கேட்டார். அவள் சொல்லவில்லை. பத்து நிமிடம் பேசிப் பார்த்தார். கடைசியில், இனிமேல் எதற்கும் தன்னிடம் வர வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அர்ச்சனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வேவ் தரமானதுதான், ஆனால் பெரியது. அந்தப் பெண்களின் போன்களில் அதற்கு இடம் இருக்காது. எம்பி3 என்பதைத் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட்டை அழுத்தினாள். அங்கேயே வாட்ஸப்பில் ஆறு பேருக்கும் அனுப்பினாள். யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் என்று கீழே எழுதினாள்.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில் அவளும் ஏறிக்கொண்டாள். அவர்கள் கேட்பதை நேரில் பார்க்க வேண்டும்.

சகாயராணி இயர்போனை ஒரு காதில் மட்டும் செருகிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டாள். சரணம் வந்ததும் சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"விஜயா பாடுறது இப்பதான்டி கேக்குது. முன்னாடி அனுப்புனதுல அவள எடுத்துட்டேன்னுல்ல நெனச்சேன்."

எட்டு வருடமாக சகாயராணிக்கு இடப்பக்கத்தில் தகடு அடிக்கும் பிரஸ் மிஷின் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இடது காது போய்விட்டது என்று அர்ச்சனாவுக்குத் தெரிந்ததுபோல் தொழிற்சாலைக்கும் தெரிந்தால், அடுத்த கான்ட்ராக்டில் அவள் பெயர் இருக்காது.

அர்ச்சனா மற்ற சீட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள்.

விஜயகுமாரியும் மற்ற நான்கு பெண்களும் பாட்டைப் போட்டிருந்தார்கள். ஐந்து பேரும் வலது காதில் மட்டும் மாட்டியிருந்தார்கள்.