இருநூறு பெறாத சேவல்

வாரச் சந்தையில் ஒரு வியாபாரியின் முன்னால் ஒரு சேவலும் ஒரு பெட்டைக் கோழியும் கால் கட்டப்பட்டுக் கிடந்தன. பெட்டை மூன்று வாரமாகச் சந்தைக்கு வந்து, விலை போகாமல் வீட்டுக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

"தம்பி, எவனாவது வந்து தூக்கினா இறக்கையைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடிக்கோ. சீக்குக் கோழின்னு வெச்சுட்டுப் போயிடுவான். உயிரோட வீடு போய்ச் சேரலாம்," என்றது.

"சரிக்கா," என்றது சேவல்.

குழம்புக்குக் கோழி தேடி ஒருவர் வந்தார். பெட்டையைத் தூக்கினார், அது துவண்டு தொங்கியது. முகம் சுளித்துக் கீழே வைத்துவிட்டுச் சேவலைத் தூக்கினார். அதுவும் சொன்னபடியே தொங்கியது.

"இதுக்கா ஐந்நூறு கேட்கிறே? இருநூறுகூடப் பெறாது," என்று கீழே வைக்கப் போனார்.

சேவல் ஒரு கண்ணைத் திறந்தது. "இருநூறா? பக்கத்துல கிடக்கிற வைக்கோல் கட்டுக்கே முந்நூறு சொல்றான்!"

"வாயை மூடு தம்பி, அவன் தானாப் போயிடுவான்!"

"நீங்க சும்மா இருங்கக்கா. மானம் போகுது!"

கழுத்து இறகைச் சிலிர்த்து, இறக்கையைப் படபடவென்று அடித்து, சந்தையே திரும்பிப் பார்க்கும்படி கூவியது.

"அட, துடியான சேவலா இருக்கே!" என்று அவர் ஐந்நூறுக்கு வந்தார். வியாபாரி உடனே எழுநூறு என்றான். சேவல் இன்னொரு முறை கூவியது. அறுநூற்று ஐம்பதுக்குப் பேரம் முடிந்தது.

தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போன சேவல், வியாபாரியைப் பார்த்துக் கத்தியது:

"அடப்பாவி, இன்னும் ஒரு தடவை கூவியிருப்பேனே! அதுக்குள்ள ஏன்டா அம்பது ரூபாயை விட்டுக்கொடுத்தே?"