பொங்கலுக்குப் பறித்த பூ

தைப்பொங்கல் காலை. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் இந்த வருஷம் குளிர் வராமலே போனதில், பக்கத்து வீட்டு செர்ரி மரம் ஏமாந்து, தாழ்ந்த ஒரு கிளையில் மட்டும் பூத்துவிட்டது. நிலத்தில் விழுந்த பூ சாமிக்கு ஆகாதென்று, யோகாம்பிகை வேலிக்கு மேலால் எக்கி அத்தனையையும் பறித்துப் பைக்குள் போட்டுவிட்டாள். "பறிச்ச பூ காணும், கெதியா வாரும், பால் பொங்கப் போகுது!" கணவர் குசினிக்குள்ளிருந்து கூப்பிடுகிறார். அவள் திரும்புமுன் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிறது. வயதான ஹெல்கா, நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புருஷனுக்குக் கம்பளி போர்த்தி, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு மரத்தடிக்கு வருகிறாள். வந்தவள் வெறுங்கிளையைப் பார்த்து நிற்கிறாள். "உங்களுக்குக் காட்டத்தானே கூட்டிவந்தேன்! நேற்று இந்தக் கிளை நிறையப் பூ. காற்றுத்தான் கொட்டிவிட்டதாக்கும்" என்கிறாள் ஜெர்மனில். ஒரு சுள்ளிகூட அசையவில்லை. "ஓமோம், சரியான காற்று" என்று யோகாம்பிகையின் வாய் அதே ஜெர்மனில் சொல்லிவிடுகிறது. முதுகுக்குப் பின்னால் பை கசங்குகிறது. ஹெல்கா குனிந்து புல்லுக்குள் இதழ் தேடுகிறாள். கிழவர் தேடவில்லை. போர்வைக்குள்ளிருந்து நடுங்கும் விரலை எடுத்து, யோகாம்பிகையின் தலைமயிரில் ஒட்டியிருக்கும் ஒற்றை இதழைக் காட்டிக் குழந்தைபோலச் சிரிக்கிறார். "இதோ, ஒன்று தப்பியிருக்கிறது!"