ஒரே ஒரு சுவிட்ச்

"ஹாலுக்கு எது வேணா போட்டுக்கங்க தம்பி. சமையலறை லைட்டை யார் போட்டாலும் அந்த நிமிஷமே என் போனுக்குத் தெரியணும். அப்படி ஒண்ணு காட்டுங்க."

சாப்பாட்டு மேசையில் மாதிரி சுவிட்சுகளைப் பரப்பிக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் நிமிர்ந்தார். எதிரே நின்ற மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். எட்டு வருடமாக வீடு வீடாக சுவிட்ச் மாட்டுகிறவர். மருமகளை வேவு பார்க்க சுவிட்ச் கேட்கும் மாமியாரை இப்போதுதான் பார்க்கிறார்.

"அது எதுக்கும்மா?" என்றான் மகன். அவன் ஒரு வாரமாக இணையத்தில் தேடியது வேறு. உட்கார்ந்த இடத்திலிருந்து வாயால் சொன்னால் ஃபேன் ஓட வேண்டும், லைட் எரிய வேண்டும்.

"எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

"இதைப் பாருங்கம்மா. கண்ணாடி. விரல் பட்டாப் போதும்." எலெக்ட்ரீஷியன் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஈரக் கை பட்டா?"

"கொஞ்சம் தகராறு பண்ணும்."

"எடுத்துப் பையில வைங்க."

மகன் நடுவில் புகுந்தான். "ஃபேனுக்கு இதையே போடலாமா?"

"ஃபேனுக்குத் தனி சார். லைட்டுக்கு உள்ளதைப் போட்டா ஃபேன் உறும ஆரம்பிச்சிடும்."

"ஃபேனை அவன் எந்திரிச்சுப் போயே போடட்டும். உடம்புக்கு நல்லது. நீங்க நான் கேட்டதைச் சொல்லுங்க."

எலெக்ட்ரீஷியன் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து ஏதோ சொன்னார். மாமியார் காதுக் கருவியைத் திருகிக்கொண்டு, "சத்தமா," என்றாள்.

"பழைய சுவிட்ச் அப்படியே இருக்கும். பின்னாடி இதை மட்டும் வெச்சிடலாம். லைட்டைப் போட்டா உங்க போன் அதிரும்."

"நல்லா அதிருமா?"

"நல்லாவே அதிரும்."

"மாட்டுங்க."

மருமகள் வாயைத் திறந்தாள். "நான் எத்தனை மணிக்கு எந்திரிக்கிறேன்னு கேட்டா நானே சொல்லிடுவேனே அத்தை."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். லைட்டே சொல்லட்டும்."

அறைக்குள் வந்ததும் அவள் கணவனைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். "அங்க விரலை வெச்சு வருகைப்பதிவு. இங்க லைட்டைப் போட்டு வருகைப்பதிவா?"

"அம்மா ஏதோ விளையாட்டுக்கு…"

"விளையாட்டுக்கு யாராவது சுவரைக் குடைவாங்களா?"

அவன் ஃபேனைப் பார்த்தபடி படுத்துக்கொண்டான்.

அவளுக்கு ஒரு நாள் ஆறு மணி ஷிஃப்ட், ஒரு நாள் எட்டு. எதுவானாலும் மூன்று பேருக்கும் சமைத்து மூடி வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். யாரும் செய்யச் சொன்னதில்லை. யாரும் கேள்வி கேட்டதும் இல்லை, இத்தனை நாள்.

மறுநாள் காலை அவள் அந்த சுவிட்சைத் தொடவில்லை. செல்போன் டார்ச்சை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்து, அந்த வெளிச்சத்தில் காய் நறுக்கினாள். அடுப்பில் பொங்குகிறதா என்று பார்க்க ஃப்ரிஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் விரலை வெட்டிக்கொண்டு, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். மூன்றாம் நாளும் இருட்டில்தான் சமையல் நடந்தது.

அன்று சாயங்காலம் எலெக்ட்ரீஷியன் சமையலறையில் நின்றார்.

"உங்க பெட்டி வேலை செய்யல தம்பி. மூணு நாளாக் காலையில போன் அசையவே இல்லை."

அவர் சுவிட்சைத் தட்டினார். மேடைமேல் இருந்த போன் வண்டு மாதிரி உறுமிக்கொண்டே நகர்ந்தது. அணைத்துவிட்டு மறுபடி தட்டினார். மறுபடி நகர்ந்தது.

"நல்லாத்தானே இருக்கு." போனை எடுத்துத் திரையைத் தள்ளிப் பார்த்தார். "சாயங்காலம் போட்டதெல்லாம் பதிவாகியிருக்கு பாருங்க. காலையில யாருமே லைட்டைப் போடலைம்மா."

"போடாம? தினம் சமைச்சு வெச்சிட்டுத்தானே போறா. இருட்டுலயா சமைப்பா?"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மருமகள், பிளாஸ்டர் விரலை மடக்கி டம்ளருக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

மாமியாருக்கு எரிச்சல் அடங்கவில்லை. "பின்னே இதை எதுக்கு மாட்டினேன்? ராத்திரி காதுல இருக்கறதைக் கழட்டி வெச்சிட்டா இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது. அலாரம் வைக்கலாம்னா இவளுக்கு தினம் ஒரு நேரம். எழுப்புடீன்னா எழுப்ப மாட்டா. 'நீங்க தூங்குங்க அத்தை'ன்னுட்டு ஒத்தையில நின்னு அல்லாடுவா. நான் கண்ணு முழிக்கிறப்போ எல்லாம் மூடி வெச்சிருக்கு, இவ கிளம்பிப் போயிருக்கா. போனைத் தலகாணிக்கு அடியில வெச்சா, அதிர்ந்ததும் எந்திரிச்சு வந்து ஒரு கை கொடுக்கலாம்னு பார்த்தேன். எத்தனை நாளைக்குத்தான் வெக்கமில்லாம உட்கார்ந்து தின்னுறது?"

எலெக்ட்ரீஷியன் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகினார். "சார் எந்திரிக்க மாட்டாரா?"

"அவனை எழுப்பறதுக்கு இன்னும் சுவிட்ச் வரலை."

மறுநாள் மருமகளுக்கு ஆறு மணி ஷிஃப்ட். நாலேகாலுக்குச் சமையலறைக்கு வந்தவள், கையிலிருந்த டார்ச்சை அணைத்துவிட்டு சுவிட்சைத் தட்டினாள்.

பிறகு இழுப்பறையைத் திறந்து இன்னொரு கத்தியை எடுத்து, மேடையின் மறுபக்கம் வைத்தாள்.