தாரை வார்க்க ஒரு ஜோடி

"வாழாவெட்டி கையால தாரை வார்த்தா கல்யாணம் விளங்குமா? ஜோடியா நின்னாதான் நடக்கும். மாப்பிள்ளை வீட்டுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கேன்."

கல்யாணத் தரகர் சேதுபதி பொதுவாகத்தான் சொன்னார். கவிப்ரியாவுக்கு அப்பா, அம்மா இல்லை. தங்கை வைஷாலியைத் தாரை வார்க்க வேண்டியவள் அவள்தான். விவாகரத்தாகி மூன்று வருஷம். 'வீட்டுக்காரருக்குக் கப்பல்ல வேலை' என்று தரகரிடம் அளந்துவிட்டிருந்தாள்.

உபதேசம் தரகருக்குக் கைவந்த கலை. குடும்பம் நடத்துவது எப்படி என்று லிட்டில் இந்தியா காப்பிக் கடையில் கோப்பி வாங்கிக் கொடுத்தவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்பார். எந்தக் கல்யாணமானாலும் 'இவ என் சம்சாரம்' என்று கண்மணியோடு முன்வரிசையில் உட்கார்ந்து, எங்களைப் பார்த்துக் கத்துக்குங்க என்று ஒரு சிரிப்பு வேறு.

வேறு வழியில்லை. புக்கிட் மேரா அடுக்குமாடி புளோக்கில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். பஸ் ஓட்டும் கபிலன் திறந்தான்.

"ஒரு நாள் காலையில மட்டும் எனக்குப் புருஷனா நடிக்கணும், கபிலன்."

"லீவ் போட்டுடறேன்க்கா. வேட்டிதான் இடுப்புல நிக்காது. பெல்ட் போட்டுக்கலாம்ல?"

முகூர்த்தத்தன்று கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. மணையில் உட்கார்ந்ததுமே கபிலன், "அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றான்.

தரகருக்குக் காது கூர்மை. "என்னது, பொண்டாட்டிய அக்காங்கறான்?"

"வைஷாலி கூப்பிட்டுக் கூப்பிட்டு, இவருக்கும் அதே வாய்ல வருது" என்று சமாளித்தாள் கவிப்ரியா.

ஐயர் சங்கல்பத்துக்கு வந்தார். "சம்சாரத்தோட நட்சத்திரம்?"

"மகம்" என்றான் கபிலன்.

"சித்திரை" என்றாள் கவிப்ரியா, அதே நொடியில்.

தரகர் எழுந்தேவிட்டார். "தாலி கட்டின பொண்டாட்டி நட்சத்திரம் தெரியாதவன் எல்லாம் ஒரு புருஷனா? என்ன குடும்பம் இது!"

மாப்பிள்ளையின் அம்மா முகம் சுருங்கியது. வைஷாலியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் கவிப்ரியா.

"அட, உக்காருங்க நீங்க!" கண்மணிதான் தரகரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஆம்பளைங்களுக்குக் கல்யாண நாளே ஞாபகம் இருக்கறதில்ல, இதுல நட்சத்திரமா? ஐயரே, நேரம் ஆகுது. நீங்க மந்திரத்தச் சொல்லுங்க."

மாப்பிள்ளையின் அம்மா சிரித்துவிட்டாள். கூடவே மண்டபமும் சிரித்தது. தாரை வார்த்தாயிற்று, தாலியும் ஏறியது.

பந்தியில் கண்மணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கவிப்ரியா அவள் பக்கம் குனிந்தாள். "நல்ல நேரத்துல காப்பாத்துனீங்கம்மா."

"அடுத்த தடவை அந்தத் தம்பிய நட்சத்திரத்த மனப்பாடம் பண்ணிட்டு வரச் சொல்லு. எனக்கெல்லாம் சேதுபதி சார் பேப்பர்ல எழுதியே குடுத்துட்டாரு."

"சாரா? உங்க வீட்டுக்காரரையா சொல்றீங்க?"

கண்மணி அப்பளத்தை நொறுக்கினாள்.

"நான் அவருக்குப் பக்கத்து வீடுதான் லா. பொண்டாட்டி விட்டுட்டுப் போன தரகர்னு தெரிஞ்சா, யாரும்மா ஜாதகம் குடுப்பாங்க?"