பச்சைக் களிம்பு

பழைய நாணயம் சேர்க்கத் தொடங்கி மூன்றே மாதம் ஆகியிருந்த ஜெஸ்டின், சண்டே மார்க்கெட்டில் எத்திராசு விரித்திருந்த சோழர் காசுகளை ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்த்தான். பழைய செம்பு என்றால் புளிக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"எப்படிங்க இவ்ளோ பச்சையா களிம்பு ஏறியிருக்கு?"

"ஆயிரம் வருசம் மண்ணுல கெடந்தது சார்!"

நன்றாகவே புளித்தது. நான்கு வாங்கினான்.

ஆசை அடங்கவில்லை. மறுநாளே விசாரித்துக்கொண்டு நோணாங்குப்பத்தில் எத்திராசு வீட்டுக்கே போனான். அவர் மனைவி அஞ்சலைதான் இருந்தாள்.

"சோழர் காசு எவ்ளோ இருந்தாலும் எடுத்துக்கறேங்க."

"மொத்த வியாபாரமா? வாங்க, தர்றேன்."

கொல்லைப்பக்கம் போய்க் கக்கூஸ் தொட்டியின் மூடியை நகர்த்தினாள். நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளே தொங்கிய கயிற்றை அவள் இழுக்க, சொட்டச் சொட்ட ஒரு வலைப்பை மேலே வந்தது. பை நிறையக் காசுகள்.

"ஒரு மாசம் ஊறுனா போதும் தம்பி, சூப்பரா பச்சை ஏறிடும்."

ஜெஸ்டின் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"கழுவிட்டுத்தான விப்பாரு?"

அஞ்சலை சிரித்தாள்.

"கழுவுனா பச்சை போயிடுமே தம்பி! வெயில்ல காயவெச்சு அப்படியே எடுத்துட்டுப் போவாரு."