முதல் நான்கு எழுத்து

கடலுக்குப் போய் உடல்கூடக் கிடைக்காத கணவன் ரொசாரியோவின் குரலில் தினமும் காலையில் ஒரு புதுப் பாட்டு வரும். அவன் குரலைப் போல இயந்திரம் செய்து அனுப்புவது; ஏற்பாடு மாமியாருடையது. மூன்று வருடமாக அவள் அதைக் கண் கலங்காமல் கேட்பதுதான் ஜெசிந்தாவுக்கு உறுத்தல்.

ஒலிக்கோப்புகளைச் சோதிப்பது ஜெசிந்தாவின் வேலை. கோப்புக்கு என்ன பெயர் வைத்தாலும், உள்ளே முதல் நான்கு எழுத்து அது இயந்திரம் செய்ததா, ஆள் பாடிப் பதிந்ததா என்ற உண்மையைச் சொல்லிவிடும். இன்று இந்தப் பாட்டையும் திறந்து பார்த்தாள். மனிதத் தொண்டை பாடியது என்றன அந்த நான்கு எழுத்தும். பக்கத்தில், பதிவு செய்த நாளாக நேற்றைய தேதி.

"மாமி, இது மெஷின் பாடுனது இல்ல."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "அத எதுக்குப் போட்டு நோண்டுத? பாட்டு வருதுல்லா, கேட்டுட்டுப் போ."

ஜெசிந்தா பாட்டை நிறுத்தினாள்.

"உங்க மவன் இப்ப எந்த ஊர்ல இருக்காவ?"

துருவிய கை அப்போதுதான் நின்றது.