வரிக்கு முந்தி வந்த கப்பல்கள்

"வரி ஏத்தினா ஃப்ரிட்ஜ் இறக்குமதி குறையும்னு எழுதிக் கொடுத்தீங்களே! வரி ஏறறதுக்கு முன்னாடியே துறைமுகத்துல மலை மாதிரி வந்து இறங்கிடுச்சு. இதெல்லாம் ஒரு கணிப்பா?"

வரித்துறை இயக்குநர் அறிக்கையை ஆய்வாளரின் காலடியில் விட்டெறிந்தார்.

அவள் அசரவில்லை. "கணக்கு சரிதான், சார். ஏறப்போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சா எல்லாரும் முண்டியடிச்சு வாங்கத்தான் செய்வாங்க. யாரோ கசிய விட்டிருக்காங்க."

"அமைச்சரை விட்டா தெரிஞ்சது நம்ம ரெண்டு பேருக்குத்தான். நான் பெண்டாட்டிகிட்டகூட மூச்சு விடல. அப்போ யாரு?"

சத்தியமாக அவர் மூச்சு விட்டிருக்கவில்லை. கத்தியதில் தொண்டை வறண்டது. வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து, பல் கூசும் அளவுக்குச் சில்லென்றிருந்த தண்ணீரை மடமடவென்று குடித்தார். "இன்னிக்கு உங்க சீட்டைக் கிழிக்கிறேன், பாருங்க!"

வெளியே காத்திருந்த வியாபாரிகள் சங்கத் தலைவரைக் கூப்பிட்டார். "உங்களுக்குச் சொன்னது இந்தம்மாதானே? மறைச்சா லைசென்ஸ் போயிடும்."

"இவங்களை இப்பத்தான் பார்க்கிறேன். யாரும் எங்களுக்கு வாயைத் திறந்து சொல்லல."

"பின்னே? ஜோசியமா?"

தலைவர் பல்லைக் கடித்தார். "எச்சில் கையால காக்கா ஓட்டாத மனுஷன் நீங்க. போன மாசம் என் கடைக்கு வந்து, வீட்டுக்கு ஒண்ணு, அது கெட்டுப்போனா மாத்த இன்னொண்ணுன்னு ரெண்டு வெளிநாட்டு ஃப்ரிட்ஜ் வாங்கிட்டுப் போனீங்களே. வரி போடறவரே முந்திக்கிட்டா, நாங்க கையைக் கட்டிக்கிட்டு நிப்போமா?"

ஆய்வாளர் குனிந்து அறிக்கையை எடுத்துத் தூசி தட்டினாள்.

"தப்பு என் கணக்குலதான், சார். உங்களைச் சேர்க்காம விட்டுட்டேன்."